உங்கள் நாவலை ஊர் படிக்கிறது, மதினி

பாசமுள்ள கிரேஸ் மதினிக்கு,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? நீங்கள் உத்தமபாளையத்தில், நான் கம்பத்தில். மெடிக்கல் ஷாப்பைச் சாத்திவிட்டு டவுன் பஸ் ஏறினால் உங்கள் வீட்டு வாசல். நீங்கள் கேஸ் கட்டைப் பார்த்துக்கொண்டே "அடுப்புல காப்பி இருக்கு, ஊத்திக்க எஸ்தரு" என்பீர்கள். அவ்வளவுதான் நம் கடிதப் போக்குவரத்து.

இப்போது சொல்ல நிறைய இருக்கிறது. பாதி சந்தோஷம். மீதி எப்படிப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் "ஏலக்காட்டுச் சாட்சி" ஓடுகிறது மதினி. போன ஆடியில் நீங்கள் போனபோது அதை நம் சபைக்காரர்களும் கோர்ட்டில் உங்களோடு இருந்தவர்களும்தான் வாங்கியிருந்தார்கள். அதன்பிறகு சென்னையில் யாரோ ஒரு பெண் உங்கள் நாவலைப் பற்றி வீடியோ போட்டாள். "கடைசி அத்தியாயத்தை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதாதா நம் ஜனங்களுக்கு? கம்பத்துப் புத்தகக் கடையிலேயே கேட்டு வைத்துவிட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது.

உங்களுக்கே உங்கள் கதையைச் சொல்வது வேடிக்கைதான். கூடவே இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை காப்பி குடித்துச் சாகிறான். காப்பியில் பூச்சிமருந்து. காப்பி போட்ட செண்பகத்தைப் போலீஸ் பிடிக்கிறது. லீலா என்ற வக்கீல் அவளுக்காக நிற்கிறாள். ஒவ்வொரு சாட்சியாக உடைத்து விடுதலை வாங்கித் தருகிறாள். கடைசி அத்தியாயத்தில் இருவரும் ஜீப்பில் குமுளி மலை இறங்குகிறார்கள். ஒரு வளைவில் செண்பகம் சாதாரணமாகச் சொல்கிறாள், நான்தான் கலந்தேன் என்று. லீலா ஒன்றும் பேசவில்லை. ஜீப் போய்க்கொண்டே இருக்கிறது. கதை முடிந்தது.

யார் என்ன சொன்னார்கள் என்றுதானே கேட்பீர்கள்?

என் கடைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பேங்க் அம்மா, கடைசி அத்தியாயத்தை பஸ்ஸில் வாசித்துக்கொண்டே வந்து வீரபாண்டியில் இறங்காமல் தேனிவரை போய்விட்டாராம். அதை ஒரு பாராட்டாகவே சொன்னார். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்கிறவர் ஒருவர், "சாட்சிக் கூண்டுல ஏத்துன ஆள எறக்கவே மாட்டேங்குறாகளே! நடுவுல கொஞ்சம் வெட்டியிருக்கலாம்" என்றார். உங்களிடம் ஜூனியராக இருந்த பையன் இன்னும் மோசம். "எந்தக் கோர்ட்டுலக்கா குறுக்கு விசாரணை இவ்வளவு ருசியா நடக்குது? நம்ம கோர்ட்ட அப்படியே எழுதுனா பாதிப் புத்தகம் வாய்தாதான்" என்று சிரித்தான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நம் போதகர் வீட்டம்மாவுக்கு முடிவு பிடிக்கவே இல்லை. "கொலை பண்ணினவள வீட்டுக்கு அனுப்பிட்டுக் கதைய முடிச்சா, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறது?" என்கிறார். பண்ணைப்புரத்திலிருந்து காலேஜுக்குப் போகிற பெண்ணோ, "அந்தக் கணக்குப்பிள்ள பண்ணுன அநியாயத்துக்கு செண்பகம் செஞ்சதுல என்ன தப்பு?" என்று கடை வாசலில் நின்று சண்டைக்கு வந்தாள். ஏலத்தோட்டத்தில் வருஷக்கணக்காக வேலை செய்த ஒரு அம்மாவின் குறை மட்டும்தான் வேறு மாதிரி. புத்தகம் முழுக்க மழை பெய்கிறது, ஆனால் ஒரு அட்டைப்பூச்சிகூடக் கடிக்கவில்லையாம்.

இதையெல்லாம் உங்கள் வீட்டுக்குப் போகும்போது அண்ணனிடம் சொல்வேன். அண்ணன் டிவியைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வார். அட்டைப்பூச்சி விஷயத்துக்கு மட்டும் லேசாகச் சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பவுன்தாயி வந்தாள்.

மத்தியானம், கடையில் கூட்டமில்லை. நெடுநெடுவென்று ஒரு பெண் உள்ளே வந்து என்னையே பார்த்தாள். பிரஷர் மாத்திரைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, "சீட்டு இருக்காம்மா?" என்றேன்.

"நீங்கதான வக்கீலம்மாவோட நாத்துனா?" என்று கேட்டாள். பையிலிருந்து உங்கள் நாவலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "காமயகவுண்டன்பட்டியில இருந்து வாரேன். எம்பேரு பவுன்தாயி. வக்கீலம்மா எனக்குத்தான் கேஸு நடத்துனாக."

எனக்கு உடனே நினைவு வரவில்லை. அவளே சொன்னாள். அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். அவள் புருஷன் போனபிறகு தோட்டம் யாருக்கு என்று கொழுந்தனாரோடு தகராறு நடந்துகொண்டிருந்த நேரம். ஒருநாள் கொழுந்தனார் தோட்டத்துக் கொட்டகையில் காப்பி குடித்துவிட்டு விழுந்து செத்தார். காப்பித் தூக்கைக் கொண்டுபோனது பவுன்தாயி. போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போனது. தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அளக்கிற டம்ளரில் அவரே காப்பியை ஊற்றிக் குடித்திருக்கிறார், யாரும் எதையும் கலக்கவில்லை என்று நீங்கள் கோர்ட்டில் காட்டினீர்கள். விடுதலை.

"அன்னைக்கு ஊரு வாய மூடுச்சு. இப்ப இந்தப் புத்தகம் வந்து அதத் தொறந்து விட்டுருச்சு" என்றாள்.

"கதைதானம்மா…" என்று இழுத்தேன்.

"எனக்குத் தெரியுது கதைன்னு. காப்பி, மருந்து, பொம்பள வக்கீலு, விடுதலைன்னு வாசிக்கிறவுகளுக்கு என்ன தெரியும்? 'பாத்தியா, வக்கீலம்மா சாகுறதுக்கு முன்னால உண்மைய எழுதிவச்சிட்டாக'ன்னு பேசுறாக. எம்மக சுகன்யாவுக்குச் சின்னமனூர்ல பேசி முடிச்சிருந்தோம். மாப்பிள்ளையோட அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, நல்லா வாசிப்பாரு. அவரும் வாசிச்சுட்டாரு. நிச்சயத்தக் கொஞ்சம் பொறுத்து வச்சுக்கிருவோம்னு சொல்லிவிட்டுட்டாக."

அவள் குரல் உயரவே இல்லை மதினி. அட்டையில் உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வக்கீலம்மா மனசுல நான் இப்படித்தான் இருந்தேனா?"

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? செண்பகத்தை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதுவதே புத்தகம் அச்சாகி வந்த அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அண்ணனிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு, "அடுத்த பதிப்பு வேண்டாம்னு பதிப்பகத்துல சொல்லிரு. கிரேஸ் பேரால ஒரு பிள்ளையோட கல்யாணம் நிக்கக் கூடாது" என்றார்.

பதிப்பகத்துக்காரருக்குப் போன் செய்தேன். "இப்பத்தானம்மா ஓட ஆரம்பிச்சிருக்கு!" என்று பதறினார். "முன்பக்கத்துல ஒரு குறிப்பு வேணா போட்டுருவோம். இந்த நாவல் இன்ன வழக்கைப் பற்றியது அல்ல, அந்தப் பெண்மணி நிரபராதின்னு." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இரண்டையும் சொல்ல பவுன்தாயியைத் தேடி நானே போனேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நின்று கொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டும் வேணாம். புத்தகத்த நிறுத்துனா, நெசம், அதான் பயந்து நிறுத்திட்டாகன்னு ஆயிரும். எம்பேரப் போட்டீகன்னா மதுரைக்காரனுக்கும் மெட்ராஸ்காரனுக்கும் என்னத் தெரிஞ்சுபோகும். அச்சுல ஏறுனது அழியுமா?"

"அப்ப என்னதாம்மா செய்யச் சொல்ற?"

"தெரியல. தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் வாரேன்?"

உங்களைப் போலவே பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவேளை கேஸ் நடந்த காலத்தில் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ?

புறப்படும்போது, தேனியில் உங்கள் நாவலுக்கு வாசகர் கூட்டம் நடக்கப்போவதாகச் சொன்னேன். வா என்று நான் கூப்பிடவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மண்டபத்து மாடியில் நடந்தது. ஆராதனை முடிந்ததும் அண்ணனைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. உங்கள் போட்டோவுக்குச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டோடு, பாதி முறைப்பாக இருக்கிற அதே போட்டோ. ஒருவர் மொழிநடை நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர், முடிவு தெரிந்ததும் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன், எங்குமே ஆசிரியர் பொய் சொல்லவில்லை, நான்தான் ஏமாந்திருக்கிறேன் என்றார். ஒரு இளம் வக்கீல் அதற்கு நேர்மாறு. "கட்சிக்காரர் வக்கீல்ட்ட சொல்றது வெளிய வரக் கூடாது. அதக் கதையா எழுதுறதே தப்பு" என்று வாதாடினார். நீங்கள் இருந்திருந்தால் அவரை ஒரு கை பார்த்திருப்பீர்கள்.

பிறகு வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்தார். சின்னமனூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று அறிமுகம் செய்தார்கள். சுகன்யாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் அப்பா இவர்தான் என்று புரிந்தது.

நிதானமாகத்தான் பேசினார். "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. ஆனா ஒரு சந்தேகம். இது நம்ம பள்ளத்தாக்குல நடந்த வழக்குன்னு பேசிக்கிறாங்க. அப்படி இருந்தா, வெளியில சொல்ல முடியாத உண்மைய அம்மா கதையாச் சொல்லிட்டுப் போயிட்டாங்கன்னு எடுத்துக்கலாமா? குடும்பத்தார் யாராவது விளக்கணும்."

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்திருப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"நான் சொல்றேன் சார்."

பவுன்தாயி. பக்கத்தில் சுகன்யா தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பவுன்தாயி உட்காரவில்லை.

"எந்தக் கேஸப் பத்திப் பேசிக்கிறாகளோ அந்தக் கேஸு என்னோடது. பேரு பவுன்தாயி, செண்பகம் இல்ல. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால எம்மக ரெண்டு வாட்டி முழுசா வாசிச்சுக் காட்டுனா. நல்லாத்தான் இருக்கு. கோர்ட்டுல நடக்குறதக் கேக்கையில எனக்குக் கையெல்லாம் வேர்த்துச்சு. ஆனா ஒண்ணக் கவனிச்சேன். அந்த லீலா வக்கீலு கடேசி வரைக்கும் செண்பகத்துக்கிட்ட 'நீ செஞ்சியா'ன்னு ஒரு வாட்டிகூடக் கேக்கல. நீங்களெல்லாம் வாசிச்சிருக்கீக, எங்கனயாச்சும் கேட்டிருக்கா?"

முன்வரிசையில் ஒரு பெண் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள்.

"எங்க வக்கீலம்மா கேட்டாக. மொத நாளு, ஜெயிலுக்கு வந்து, உக்காருறதுக்கு முன்னாலயே கேட்டாக. 'பவுனு, நீ செஞ்சியா?' இல்லம்மான்னேன். 'ஏ, எம் முகத்தப் பாத்துச் சொல்லு'ன்னாக. பாத்துச் சொன்னேன். அதுக்குப் பெறகுதான் வக்காலத்துல கையெழுத்து வாங்குனாக. கேட்டுட்டு எடுத்த கேஸு சார் என்னோடது. கேக்காம எடுத்த கேஸத்தான் அவுக புத்தகமா எழுதியிருக்காக. ரெண்டும் ஒண்ணா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "நான் இதை யோசிக்கலம்மா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். கூட்டத்தை நடத்தியவர் நன்றியுரையை அவசரமாக ஆரம்பித்தார். கைதட்டல் எதுவும் இல்லை. இல்லாததே நல்லது என்று பட்டது.

மாடிப்படி இறங்கி வந்ததும் அண்ணன் பவுன்தாயியிடம் போனார். கூடப்பிறந்த எங்களிடமே நாலு வார்த்தைக்குமேல் பேசாத மனுஷன், முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"கிரேஸுக்குச் சில கேஸு ஜெயிச்சாலும் தூக்கம் வராதும்மா. ஹாலுக்கும் வாசலுக்குமா நடப்பா. என்னன்னு கேட்டா, 'கேக்காம எடுத்துட்டேங்க'ன்னு சொல்லுவா. உன் கேஸு தீர்ப்பு வந்த அன்னைக்கு, வீட்டுக்கு வந்ததும் பசிக்குதுன்னா. சாப்பிட்டா. சாயங்காலமே படுத்துட்டா. வெளக்கு வைக்கிற நேரத்துல தூங்குறாளேன்னு நான் எழுப்பப் போனேன். எந்திரிக்கவே இல்ல. அப்படி ஒரு தூக்கம்."

பவுன்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜெயிலில்கூட அம்மா அழுது பார்த்ததில்லை என்று சுகன்யா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

எனக்குமே அது புதுச் செய்தி மதினி. அப்படி எத்தனை ராத்திரி நடந்திருப்பீர்கள்? ஒருநாள் காலையில்கூட எங்களுக்குக் காட்டிக்கொண்டதில்லையே. அப்படியானால் லீலா, நீங்கள் தூங்காத இரவுகளில் உங்களுக்கு வந்த பயமா? கேட்டிருக்க வேண்டும் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருத்தியா செண்பகம்? சொல்லமாட்டீர்கள் என்று தெரியும். உயிரோடு இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

ஒரு வாரம் போல் கழித்து பவுன்தாயி மறுபடி கடைக்கு வந்தாள். இந்த முறை அவள் பையில் புத்தகம் இல்லை. வெற்றிலை பாக்கு, பழம் இருந்தது. தலைமையாசிரியரும் அவர் மனைவியும் நேரில் வீட்டுக்கு வந்தார்களாம். "கதையோட முடிவு எனக்கு இன்னும் பிடிக்கலம்மா, அது வேற. பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றது வேற" என்றாராம். மாப்பிள்ளைப் பையன் அதற்கு முன்பே, தேதி தள்ளினாலும் பெண் இவள்தான் என்று சொல்லிவிட்டானாம். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

"எங்க வீட்டுக்காரரு வழியில யாரும் வரமாட்டாக. எம்பொறந்தவனும் போயிச் சேந்துட்டான். தட்டு மாத்துறதுக்கு எங்க ஜனத்துல ஆளில்ல. ஒங்க அண்ணன் வந்து மாத்தணும்" என்றாள்.

நான் அண்ணனுக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்தேன். அண்ணன் தயங்கினார். அவர் குரல் எனக்கும் கேட்டது. "நாங்க வேதக்காரங்கம்மா, கோயிலுக்குப் பதிலா சபைக்குப் போறவங்க. அதுவும் வீட்டுக்காரி போயி வருஷம்கூடத் திரும்பல. நான் தட்டத் தொட்டா உன் சொந்தக்காரங்க ஏதாவது சொல்லுவாங்க."

"வேதம் பாத்தா வக்கீலம்மா எனக்கு நின்னாக? சொல்றவுக சொல்லட்டும். நான் கேக்காத பேச்சா? நீங்க வந்து என்னய மாதிரி ஒருத்தி பக்கத்துல உக்காந்தாலே போதும். வக்கீலம்மா வீட்டு ஆளுக வந்து உக்காந்திருக்காகன்னு ஊரு பாக்கட்டும். அதுக்கு மேல எனக்கு ஒரு குறிப்பும் வேணாம்."

அண்ணன் வந்தார் மதினி. நீங்கள் எடுத்துக் கொடுத்து, அவர் கட்டாமலே வைத்திருந்த பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பவுன்தாயி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் ஜமுக்காளம் பாதி காலியாகத்தான் கிடந்தது. எதிர் வீட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. செத்துப்போன கொழுந்தனாருடைய வீடு அதே தெருவில்தான். அந்தக் கதவு கடைசிவரை திறக்கவில்லை. அந்த வீட்டில் இருக்கிற விதவையின் மனதை எந்தத் தீர்ப்பு மாற்றும்? எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் நான் பொய் சொல்லப்போவதில்லை.

ஆனால் தட்டு மாற்றும் நேரம் வந்தபோது ஒரு கிழவர் சத்தமாகவே, "இது யாருப்பா புதுசா இருக்கு?" என்று கேட்டார்.

பவுன்தாயி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன்னால் தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "வக்கீலம்மா வீட்டுக்காரரு. பொண்ணுக்குப் பெரியப்பா முறை. தட்டக் குடுங்க சம்பந்தி" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

அண்ணன் அவசரமாகத் தட்டை நீட்டினார். தட்டிலிருந்த ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு ஜமுக்காளத்தில் ஓடியது. சுகன்யா சிரித்துவிட்டாள். சபையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் தலைமையாசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் உங்கள் நாவலைப் பற்றியே பேசினார். செண்பகம் உண்மையைச் சொன்னதும் லீலா ஜீப்பை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டுமாம். எதிரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைப் பையன், "எதுக்குப்பா நிறுத்தணும்? நிறுத்தி என்ன செய்வாங்க?" என்றான். அப்பனும் மகனும் பாயசம் வரும்வரை வாதாடினார்கள். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். எழுதியவர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

பதிப்பகத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன். புது பதிப்பு வரட்டும். குறிப்பு வேண்டாம். முடிவில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. பிடித்தவர்களுக்குப் பிடிக்கட்டும், பிடிக்காதவர்கள் சண்டை போடட்டும். நல்லதைச் சொன்னாலும் கெட்டதைச் சொன்னாலும் ஒன்றையும் ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார். உங்கள் நாவலை இப்போது மூன்றாம் முறையாக வாசிக்கிறார். ஏதாவது பேசினால் கையைக் காட்டி நிறுத்துகிறார்.

கல்யாணம் தை மாதம். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகிற வண்டியில் பவுன்தாயி தனியாக உட்கார்ந்து போகக் கூடாது. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நான். சின்னமனூர்வரை கூடவே போவோம். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு மதினி.

உங்கள் வீட்டுக்காரரின் தங்கை,
உங்களை மதினி என்று கூப்பிட வாய்த்தவள்,
எஸ்தர்
கம்பம்